கயிற்றைப் பிடித்துப் பிள்ளை பெறுவது பிற்போக்கா?

நம்பிக்கை: ஆண்டிஸ் மலையின் கெச்சுவாப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிள்ளை பெற்றதற்கு அறியாமைதான் காரணம்.

உண்மை: பெரு நாட்டின் அயகூச்சோ பகுதியில் சாந்தியானா என்றொரு வட்டாரம் இருக்கிறது. 1999இல் அங்கே நூறு பிரசவங்களில் ஆறுதான் சுகாதார நிலையத்தில் நடந்தன. ஏன் வருவதில்லை என்று அந்தப் பெண்களிடமே கேட்டபோது காரணங்கள் தெளிவாக வந்தன. அறை குளிர்கிறது. உடுத்தியிருப்பதைக் களையச் சொல்கிறார்கள். புருஷனையும் தாயையும் மருத்துவச்சியையும் வெளியே நிறுத்திவிடுகிறார்கள். பேசுவதெல்லாம் ஸ்பானிஷ். மண்ணில் புதைக்க வேண்டிய நஞ்சுக்கொடியைக் குப்பையோடு எறிகிறார்கள். இவற்றில் எது அறியாமை?

இன்னும் ஆழமான காரணமும் உண்டு. 1980களில் மூண்ட உள்நாட்டுப் போரில் மிக அதிகமாக அடிபட்ட பகுதி அயகூச்சோ. அந்தப் போரில் மாண்டவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவாவையோ வேறொரு பழங்குடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று அதை விசாரித்த உண்மை ஆணையம் 2003இல் சொன்னது. 1990களின் பிற்பகுதியில் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தது. அவர்களில் ஏழைகளும் பழங்குடியினருமாக ஆயிரக்கணக்கானோர் மிரட்டப்பட்டார்கள், ஏமாற்றப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அரசு மருத்துவரைக் கண்டு ஒரு பெண் அஞ்சினால், அது பட்டறிந்த அச்சம்.

நம்பிக்கை: மல்லாந்து படுப்பதுதான் மருத்துவ முறை. குந்தியோ மண்டியிட்டோ பெறுவது ஆபத்து.

உண்மை: மல்லாந்து படுக்கும்போது கனத்த கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்துகிறது. நிமிர்ந்த நிலையில் முக்கிப் பெறும் பெண்களுக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதும் பிறப்புவாயைக் கத்தரிப்பதும் குறைவு என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: 500 மில்லிக்கு மேல் ரத்தம் போவது இந்த நிலையில் சற்று அதிகமாக இருக்கலாம். குழந்தை பிறந்ததும் போட ஆக்சிடோசின் ஊசி தயாராக இருக்க வேண்டும். எந்த நிலையில் பெறுவது என்பதில் தாயின் விருப்பத்துக்கு இடம் தர வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையும்.

நம்பிக்கை: வழக்கத்துக்கு இடம் கொடுத்தால் மருத்துவம் பின்வாங்கிவிடும்.

உண்மை: சாந்தியானாவில் நடந்தது நேர்மாறு. ஊர்ப் பெண்களும் மருத்துவச்சிகளும் சுகாதார ஊழியர்களும் கலந்துபேசிப் பிரசவ முறையை மாற்றினார்கள். பிடித்துக்கொள்ளக் கயிறும் தாங்கிக்கொள்ளப் பெஞ்சும் வந்தன. வீட்டார் உள்ளே வந்தார்கள். ஊழியர்கள் கெச்சுவாவில் பேசினார்கள். 2007இல் நூற்றுக்கு 83 பிரசவங்கள் சுகாதார நிலையத்திலேயே நடந்தன. வீட்டில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஊர்களில், ஊசியும் பயிற்சி பெற்ற கையும் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! கயிறு வந்ததால்தான் ஊசியும் அந்தப் பெண்களை எட்டியது.

நம்பிக்கை: கயிற்றைக் கட்டிவிட்டால் மரியாதை வந்துவிட்டது.

உண்மை: நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கான வழிகாட்டு விதிகளைப் பெருவின் சுகாதார அமைச்சகம் 2005இல் வெளியிட்டது. நல்ல விதிகள், வரவேற்க வேண்டியவை. ஆனால் அதே ஆண்டுகளில், வீட்டில் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மார்களிடம் அபராதம் கேட்ட சுகாதார நிலையங்களும் அந்த நாட்டில் இருந்தன. பிறப்புச் சான்றுக்குப் பணம் கேட்டதும் நடந்தது. தண்டத்துக்குப் பயந்து வருகிறவள் கயிற்றைப் பிடித்தாலும் கட்டிலில் படுத்தாலும் அவள் விருப்பத்தை யாரும் கேட்டதாக ஆகாது. கெச்சுவாப் பெண் ஒருத்தி கட்டிலே வேண்டும் என்று சொன்னாலும் அதையும் அவளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.