கஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும்

காய்ச்சல் வந்தால் கடைக்கு ஓடி ரொட்டியும் பாலும் வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆயினும் மரக்காணம் உப்பளப் பகுதி வீடுகளில் நோயாளிக்காக முதலில் அடுப்பில் ஏறுவது நொய்க் கஞ்சிதான். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆயா வைக்கும் கஞ்சிக்குப் பெரிய பக்குவம் ஒன்றும் இல்லை. ஒரு பிடி நொய்யைக் கழுவி, தாராளமாக நீர் விட்டு, குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, உப்புப் போட்டு இறக்க வேண்டும். சளி இருந்தால் சீரகமும் சுக்கும் சேரும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். வாய் கசந்து கிடக்கும்போது அதற்கு ஈடான பண்டம் உலகத்தில் இல்லை என்பேன்.

காய்ச்சலுக்குக் கஞ்சி என்றால் யாரும் மறுப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்தால்தான் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிறது. "வயிறு காயட்டும், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்பது ஒரு கட்சி. தாகத்தால் அழும் குழந்தைக்குக்கூட ஒரு வாய் நீர் கொடுக்க அஞ்சுவோர் உண்டு. தோழியரே, இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தானது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப் போவதால்தான்.

வெறும் நீர் மட்டும் ஏன் போதாது? சிறுகுடலின் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. நோயின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து செரிக்கும்போது சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாறுகிறது. உப்பு நம் கையால் சேருகிறது. ஆகவே உப்பில்லாக் கஞ்சி பாதி மருந்துதான்.

1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது இது பெரிய அளவில் மெய்ப்பிக்கப்பட்டது. மேற்கு வங்காளத்தில் போங்கான் என்னும் ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. பின்னர், 1980-களில், டாக்கா ஆராய்ச்சியாளர்கள் குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவைச் சேர்த்தும் காலரா நோயாளிகளிடம் நல்ல பலன் கண்டனர். அது ஏறக்குறைய நம் கஞ்சிதானே!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே முதல் தரம். அது கிடைக்கும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இந்த அளவு தூள் உப்புக்குரியது. நம் வீடுகளில் இருப்பதோ கல் உப்பு. கரண்டியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் நிற்கும். எனவே பொடித்த பிறகே அளக்க வேண்டும். உப்பு மிகுந்தாலும் குழந்தைக்குக் கேடு. கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது என்பது சுவை பார்க்க எளிய வழி. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் கஞ்சி ஆகாது. கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கிள்ளிய தோல் மெல்லத் திரும்பினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

கடலோரமாயிற்றே, மீன் கிடையாதா என்று கேட்பீர்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு உண்டு. காய்ச்சல்காரருக்கு மட்டும் சில நாள் மீன் வாசனையே காட்டமாட்டார்கள். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "குழம்பு இல்லையா?" என்று நோயாளி கேட்டுவிட்டால், ஆயாவின் கணக்கில் நோய் போய்விட்டது.