காளானும் படர்தாமரையும்: நம் தூரத்து உறவினர்

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. "டாக்டர், உடம்பில் படர்தாமரை இருக்கிறது. காளான் சாப்பிடலாமா?" கேட்பவர் சற்றுத் தயங்கியே கேட்பார். உடன் வந்த மனைவியோ தாயாரோ, "நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்" என்று முன்வந்து கூறுவதும் உண்டு.

தாராளமாகச் சாப்பிடலாம் என்பதே எங்கள் விடை. சமைத்த காளானால் படர்தாமரை வருவதுமில்லை, வந்தது கூடுவதுமில்லை. ஆயினும் அக்கேள்வியை நாங்கள் சிரித்து ஒதுக்குவதில்லை. தட்டில் உள்ள காளானும் தொடையிடுக்கில் படரும் நோய்க்கிருமியும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை என்பதைக் கேட்பவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார். பூஞ்சைகள் என்னும் அப்பெருங்குலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால், இந்நோய்களுக்கு ஏன் இத்தனை வாரங்கள் மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும்.

பூஞ்சை ஒரு செடியன்று. மண்ணில் முளைக்கிறது, நகர்வதில்லை என்பதால் நெடுங்காலம் அதைத் தாவரவியல் நூல்களிலேயே சேர்த்து வைத்திருந்தனர். ஆனால் அதற்குப் பச்சையம் இல்லை; சூரிய ஒளியில் உணவு சமைக்கத் தெரியாது. தான் அமர்ந்துள்ள பொருளின் மீது செரிமான நொதிகளைச் சுரந்து, அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. நாம் உண்டபின் செரிக்கிறோம்; பூஞ்சை செரித்தபின் உண்கிறது. மிஞ்சிய சக்தியைத் தாவரங்களைப் போல மாவுச்சத்தாக அது சேமிப்பதில்லை. நமது கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அதன் செல்சுவரில் கைட்டின் என்னும் உறுதியான பொருள் உள்ளது. காசிமேட்டில் இறால் உரிக்கும் தாய்மார்களின் கைகளில் நாள்தோறும் குத்தும் அந்த ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான். பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்பதை 1990களில் மரபணு ஆய்வுகள் உறுதி செய்தன. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது.

இவ்வுறவுக்குச் சமையலறையிலேயே ஒரு சான்று உண்டு. நம் தோலில் வெயில் படும்போது, கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய ஒரு பொருளிலிருந்து வைட்டமின் டி உருவாகிறது. காளானை நறுக்கி நண்பகல் வெயிலில் சிறிது நேரம் வைத்தால் அதிலும் வைட்டமின் டி உருவாகிறது. அங்கே மூலப்பொருள் கொலஸ்ட்ராலன்று, எர்கோஸ்டீரால். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியாக்கள் நமக்கு மிகத் தொலைவானவை. அவற்றின் செல்சுவர் போன்ற ஒன்று நம் உடலிலேயே இல்லை; எனவே அச்சுவரைத் தாக்கும் பெனிசிலின் நம் செல்களைத் தீண்டாமல் அவற்றை மட்டும் கொல்லுகிறது. (பெனிசிலினும் ஒரு பூஞ்சையின் கொடையே. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டார்.) பூஞ்சையின் செல்லோ பெரும்பாலும் நம் செல்லைப் போலவே அமைந்தது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் வருத்தக்கூடும். ஆகவே பூஞ்சைக்கு எதிரான மருந்துக் குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றுட் பலவும் நமக்கும் அதற்கும் உள்ள சிறு வேறுபாடான எர்கோஸ்டீராலையே குறிவைக்கின்றன. 1950இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் மண்ணிலிருந்து எடுத்த நிஸ்டாட்டின், வாய்வெண்புண்ணுக்கு இன்றும் பயன்படுகிறது. சில ஆண்டுகளில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணிலிருந்து ஆம்ஃபோடெரிசின் பி கிடைத்தது. இது எர்கோஸ்டீராலைப் பற்றி பூஞ்சையின் மேலுறையில் துளையிடும்; ஆனால் நம் கொலஸ்ட்ராலையும் ஓரளவு பற்றிவிடும் என்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலைக்குப்பின் 'கரும்பூஞ்சை' எனப்பட்ட மியூக்கார்மைக்கோசிஸ் நோயாளிகளுடன் தங்கியிருந்த குடும்பத்தாருக்கு இது நினைவிருக்கும். ஊசி மருந்து ஏறும் நாட்களிலெல்லாம் சிறுநீரகப் பரிசோதனையும் பொட்டாசியம் அளவும் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அப்பூஞ்சை உண்மையில் கருப்பன்று. அது இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் இறந்த திசுவே கருத்துத் தோன்றுகிறது. அழுகிய பழத்திலும் பழைய ரொட்டியிலும் வளரும் அதை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். கட்டுப்பாடற்ற சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தபோதே அது பலருக்கு நோயாயிற்று.

நம் உடற்சூடும் ஒரு காவல். பெரும்பாலான பூஞ்சைகளால் 37 டிகிரி வெப்பத்தில் வளர இயலாது. அறியப்பட்ட சுமார் ஒன்றரை இலட்சம் பூஞ்சையினங்களில் மனிதரை நோயுறச் செய்பவை சில நூறே. அவற்றுள்ளும் மிகப் பரவலானவை உடலுக்குள் நுழையாமல், சூடு சற்றுக் குறைந்த மேற்தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டினை உண்டு வாழ்கின்றன. படர்தாமரை இவ்வகை.

ஆங்கிலத்தில் இந்நோயை வளையப்புழு என்னும் பொருளில் அழைக்கின்றனர்; இதில் புழு எதுவும் இல்லை. தாமரை இலைபோல் வட்டமாகப் படர்வது என்ற தமிழ்ப்பெயரே பொருத்தமானது. ஏன் வட்டம்? புல்வெளிகளில் சில காளான்கள் வட்ட வரிசையாக முளைப்பதைக் காணலாம். மண்ணுக்கடியில் அதன் நூலிழைகள் ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாத் திசையிலும் சமமாக வெளிநோக்கிச் செல்கின்றன. உணவு தீர்ந்த நடுப்பகுதி ஓய்ந்துபோக, விளிம்பே உயிர்ப்புடன் இருக்கும். நம் தோலிலும் நடப்பது இதுவே. நடுவே தெளிந்து, ஓரம் மட்டும் சிவந்து தடித்திருக்கும். ஆகவே களிம்பை வட்டத்தின் நடுவில் தடவிவிட்டு நிறுத்தலாகாது. விளிம்பைக் கடந்து வெளியே இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் அங்கே முன்னேறிக்கொண்டிருக்கும்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, இராயபுரம் பகுதிகளில் இந்நோய்க்கு வேண்டிய எல்லாம் கூடியிருக்கின்றன. கடற்காற்றின் ஈரப்பதம், கனத்த சீருடை, நாள்முழுதும் கழற்ற இயலாத ரப்பர் பூட்ஸ், கண்டெய்னர் லாரியின் இருக்கையில் பல மணிநேரம், ஓர் அறையில் ஆறேழு பேர் பகிரும் துண்டு. மீன், இறால் வேலை செய்வோருக்கு விரலிடுக்கிலும் நகக்கணுவிலும் வேறொரு பூஞ்சை வெள்ளையாய் ஊறி நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது போல, வெள்ளநீரில் நாட்கணக்கில் நடக்க நேர்ந்தவர்களுக்குச் சேற்றுப்புண் வருவதும் இயல்பே.

இவற்றைவிட எங்களைக் கவலைப்படுத்துவது வேறு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இளைஞர் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். இவ்வாறு வருவோர் பலர். தொடையிடுக்கில் அரிப்பு. கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கியிருப்பார். அதில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமிக்க ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஸ்டீராய்டு செய்தது அவ்வளவே: உடலின் எதிர்ப்பை அடக்கியது. அரிப்பும் சிவப்பும் நம் உடல் போரிடுவதன் அடையாளங்கள்; போர் நின்றதும் பூஞ்சை தடையின்றிப் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக அரிக்கும். மீண்டும் அதே களிம்பு. ஆறு மாதத்தில் நோய் இடுப்பு, வயிறு, முதுகு எனச் சென்றிருக்கும். வட்ட வடிவம் சிதைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகும். தொடையில் தோல் மெலிந்து பட்டைபட்டையாய்க் கீறல்கள் விழும். பூஞ்சை ஆறினாலும் அக்கீறல்கள் மறைவதில்லை. வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் அதற்குள் தொற்றியிருக்கும்.

பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் மத்திய அரசு விதித்தது. விதி இருந்தும் அவை எளிதில் கிடைக்கின்றன என்பதை நோயாளிகளின் பைகளே காட்டுகின்றன. இதற்கிடையே டெர்பினாஃபின் என்னும் முக்கிய மருந்துக்குப் பணியாத புதிய படர்தாமரை இனம் ஒன்று நம் நாட்டில் பரவியுள்ளது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவை நினைவூட்டும் பெயரிட்டனர். 2023இல் நியூயார்க் நகரில் இருவரிடம் அது கண்டறியப்பட்டபோது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் எச்சரிக்கை வெளியிட்டது. பெருமைப்படத்தக்க பெயரன்று.

நம் மண்ணின் பெயரைத் தாங்கிய பூஞ்சை நோய் இதற்கு முன்பும் உண்டு. 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்பவர், பாதம் வீங்கி உருக்குலைந்து, துளைகளிலிருந்து மணிமணியாய்க் கசியும் ஒரு நோயை விவரித்தார். 1846இல் கோல்புரூக் அதை 'மதுரைக் கால்' என்று அழைத்தார். உலக மருத்துவ நூல்களில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. செருப்பின்றி நடப்போரின் காலில் முள் குத்தும்போது மண்ணிலுள்ள பூஞ்சையோ சிலவகை பாக்டீரியாவோ உள்ளே புகுவதே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தொடக்கத்தில் வலி இராது. ஆகவே காலில் வலியற்ற கட்டி வளர்ந்தால் காத்திராமல் காட்டுங்கள். எலும்புவரை சென்றபின் காலை இழக்க நேரலாம்.

இனி மருந்துக்கு வருவோம். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் சிகிச்சை தேவை. தோல் தெளிந்தபின்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை மருத்துவர் கூறட்டும். கால் நகச்சொத்தை முழுதும் மாற ஓராண்டுக்கு மேலாகும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. நோயுற்ற அனைவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்காவிடில் வீட்டுக்குள்ளேயே நோய் சுற்றிவரும். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். துண்டை எவருடனும் பகிராதீர்கள்.

வயது முதிர்ந்தோரும் அவர்களைப் பராமரிப்போரும் இதைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் முன்னோடியை 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ராலும் எர்கோஸ்டீராலும் உருவாகும் வழி தொடக்கத்தில் ஒன்றேயாதலால் அது வியப்பன்று. ஆனால் இட்ரகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து, சில ஸ்டாட்டின்களை நம் கல்லீரல் கழிக்கவிடாமல் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தசைகள் கடுமையாகப் பாதிக்கப்படலாம். இதயம் பலவீனமுற்றவர்களுக்கு இட்ரகோனசோல் பெரும்பாலும் தகாது. அதன் மாத்திரைக்குழாய்களை உணவுடன் எடுக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையுடன் எடுத்தால் உடலில் சரிவர சேராது. ஃப்ளுகோனசோல் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டிச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தலாம். வார்ஃபரின் எடுப்போருக்கு இரத்தக்கசிவு உண்டாக்கலாம். கருவுற்றிருப்போர் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டாருக்குக் குணமான மாத்திரையைக் கேட்டு வாங்கி உண்பது இக்காரணங்களால்தான் ஆபத்து.

காளானைப் பற்றிய கேள்விக்கு ஒரு சொல் பாக்கி உண்டு. கடையில் விற்கும் பால் காளானும் சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் பாதுகாப்பானவை. மழைக்குப்பின் தானே முளைத்ததைப் பெயரறியாமல் பறித்துச் சமைக்காதீர்கள். சில நச்சுக்காளான்களின் விடம் கொதித்தாலும் அழியாது. உண்ட ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரம் கழித்து, சில வேளைகளில் அதற்கும் பின்னர், வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாள் தெளிந்ததுபோல் இருந்து, அதன்பின் கல்லீரல் பழுதாகும். அவ்வாறு நேர்ந்தால் எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

படர்தாமரைக்காக எங்களிடம் வருவோர், பூசிவந்த களிம்புக் குழாய்களைத் தீர்ந்துபோனவையாயினும் எறியாமல் கொண்டுவாருங்கள்; ஸ்டீராய்டு கலந்ததா என்பதை அதன் எழுத்தைக் கொண்டே அறிய முடியும். உண்டுவரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் சேர்த்து எடுத்துவாருங்கள். வரும் நாளன்று தோலில் எதையும் தடவ வேண்டாம். ஓரத்திலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி ஒரு காரக் கரைசலில் இடுவோம். உங்கள் தோலின் செல்கள் கரைந்துபோகும். கைட்டின் சுவருள்ள பூஞ்சை இழைகள் மட்டும் கரையாமல் நுண்ணோக்கியில் கிளைகிளையாய்த் தெரியும். களிம்பு படிந்திருந்தால் அவை கண்ணுக்குத் தப்பிவிடலாம்.