சினம் செல்லுமிடம்



திருக்குறளின் 31-ஆவது அதிகாரம் வெகுளாமை. துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பினும் அதன் முதற்குறள் இல்லறத்தாருக்கே மிகவும் வேண்டியது. சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையாகச் சினங்காப்பவன் என்பது அதன் கருத்து. நம் சினம் தடையின்றிப் பலிக்கும் இடம் நாம் பெற்ற பிள்ளைகளே.

நெய்த சேலையைச் சங்கத்தில் கொடுக்கும்போது குறை கண்டு கூலியில் பிடித்தம் செய்தால், மனம் கொதித்தாலும் குரலை உயர்த்துவதில்லை. வீடு திரும்பியதும் சிறுவன் தார் நூலைச் சிக்காக்கியிருப்பதைக் கண்டால், தெருக்கோடிவரை கேட்கும்படி கத்துகிறோம். சற்றுமுன் அடங்கிய சினம் இப்போது அடங்காதது ஏன்? அடக்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு. எளியவரிடம் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதே உண்மை.

காரைக்குடிக் கண்டாங்கி நெசவு, அரியக்குடிக் குத்துவிளக்கு வேலை போன்ற கைத்தொழில்கள் வீட்டை ஒட்டி நடக்குமிடங்களில் இத்தொல்லை மிகுதி. பொருள் கெடுமோ என்ற அச்சமும், கூலி குறையுமோ என்ற கவலையும் பிள்ளையின் சிறு குறும்பைப் பெருங்குற்றமாகக் காட்டுகின்றன.

கத்தினால் பிள்ளை திருந்துமா? 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 976 குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 13 வயதில் கூச்சலுக்கும் இழிசொல்லுக்கும் ஆளான பிள்ளைகளிடம், அடுத்த ஓராண்டில் தீய நடத்தையும் மனச்சோர்வும் மிகுந்திருந்தன. மற்ற நேரங்களில் பெற்றோர் காட்டிய அன்பும் அத்தீங்கைத் தணிக்கவில்லை.

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் வீட்டிற்குள் ஆசிரியரும் அதிகாரியும் நாமே. நம்மை நாமே காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அதற்கு வழி யாது? பாவில் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, முனையைத் தேடி, பிணைத்த பின்னரே மீண்டும் நெய்கிறான். அவ்விதமே, குரல் உயரத் தொடங்குவதை உணர்ந்தவுடன் பேச்சை நிறுத்துக. ஆபத்து ஏதுமில்லையெனில் அவ்விடம் விட்டு அகன்று, ஒரு செம்பு நீர் பருகி வருக. பின்னர் பிள்ளையின் அருகில் அமர்ந்து, நடந்த ஒன்றை மட்டும் தாழ்ந்த குரலில் கூறுக. பழைய குற்றங்களை அடுக்குதல் வேண்டா. "வா, இருவரும் சேர்ந்து இந்தச் சிக்கை எடுப்போம்" என்று வேலையிலேயே பாடத்தைக் கற்பிக்கலாம். மீறிக் கத்திவிட்டால், "நான் கத்தியது தவறு" என்று பிள்ளையிடம் கூறுவதில் பெற்றோருக்குச் சிறுமை இல்லை. கணவன் மனைவியருள் ஒருவர் கொதிக்கும்போது மற்றவர் பிள்ளையைப் பொறுப்பேற்பது நன்று.

கூட்டத்தில் ஆராய்வதற்கு:

1. சென்ற வாரம் நாம் பிள்ளையிடம் காட்டிய சினம் உண்மையில் யார்மீது எழுந்தது?

2. தறி, பட்டறை, களம் ஆகியவற்றின் அருகே பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டிய பொருள்கள் எவை?