விடிய விடிய ஓடும் பேக்கப்

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் உள்ளன. அன்றன்று மாறிய ஃபைல்கள் மட்டும் இரவில் நாஸ் பெட்டிக்குப் போகும்படி, விண்டோஸில் உள்ள ரோபோகாப்பியை வைத்து ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறோம். நாளுக்கொரு ஃபோல்டர். ஆனால் தினமும் எல்லா ஃபைல்களுமே நகலாகின்றன. சில நாள் காலையில் வந்து பார்த்தால்கூட வேலை முடிந்திருப்பதில்லை. சனிக்கிழமைகளில் யூஎஸ்பி டிஸ்க்கில் தனியாக முழு பேக்கப்பும் எடுக்கிறோம். எங்கே தவறு?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது, எல்லாமே நகலாவது. ஒரு ஃபைல் மாறியதும் விண்டோஸ் அதற்கு 'ஆர்க்கைவ்' என்ற அடையாளம் போடும். ஆட்ரிப் கட்டளை கொடுத்துப் பாருங்கள், ஃபைல் பெயருக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து நிற்கும். ரோபோகாப்பியில் '/ஏ' கொடுத்தால், அடையாளம் உள்ள ஃபைலை நகலெடுத்துவிட்டு அடையாளத்தை அப்படியே விட்டுவிடும். மறுநாளும் அதே ஃபைல்தான் போகும். '/எம்' கொடுத்தால் நகலெடுத்தபின் அடையாளத்தை நீக்கிவிடும். உங்களுக்குத் தேவை '/எம்'. மாற்றிய முதல் இரவு எல்லாம் நகலாகும். அதுவே உங்கள் முழு பேக்கப், அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, விடிந்தும் முடியாமல் இருப்பது. யாராவது அவுட்லுக்கை மூடாமல் போனால் அதன் பிஎஸ்டி ஃபைல் பூட்டியே இருக்கும். லாகில் 'எரர் 32' என்று வரும். ரோபோகாப்பி தானாக 30 விநாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயலும்! '/ஆர்:2 /டபிள்யூ:5' சேர்த்தால் இரண்டு முறை முயன்றுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். விடுபட்டவை லாகில் இருக்கும். காலையில் அதைப் படிப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

சனிக்கிழமை வேலையில் கவனம் தேவை. முழு பேக்கப் எடுக்கும் சில மென்பொருள்களும் இந்த அடையாளத்தை நீக்கிவிடும். பகலில் யூஎஸ்பிக்குப் போன ஃபைலில் அடையாளம் இல்லாததால், இரவு வேலை அதைத் தொடாது. அந்த டிஸ்க் பழுதானால் அன்றைய கணக்குகளுக்கு நகலே இல்லை. அடையாளத்தை நீக்கும் உரிமை இரவு வேலைக்கு மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் திரும்ப வேண்டுமென்றால், முழு பேக்கப்பின் மேல் தினசரி ஃபோல்டர்களைத் தேதி வரிசையில் போட வேண்டும். நடுவில் ஒன்று கெட்டாலும் அன்றைய மாற்றங்கள் போய்விடும். அதனால் வாரம் ஒருமுறை நாஸிலும் முழு பேக்கப் எடுங்கள். மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு கட்சிக்காரரின் ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்த்த பேக்கப்பை மட்டுமே நம்புங்கள்.