சிபி ரேடியோ: கூரை மேல் ஆன்டெனா

அமெரிக்காவில் வீட்டிலிருந்து சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவில் பேசுபவர்கள் செட்டைவிட ஆன்டெனாவுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். ஏ.எம்.மில் 4 வாட்தான் அனுமதி. மீதியை உயரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலாபுறமும் பேச, சுமார் 5.5 மீட்டர் நீளமுள்ள செங்குத்தான அரை அலை ஆன்டெனா போதும். கம்பம் அடியோடு சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத இடமாகப் பாருங்கள். இதில் மட்டும் சமரசமே கூடாது. எர்த் கட்டாயம். கேபிள் நீளமாகப் போகிறதென்றால் மெல்லிய ஆர்ஜி-58 வேண்டாம், தடித்த ஆர்ஜி-213 வாங்குங்கள். இணைப்பில் மழைநீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றுங்கள். பிறகு, ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டி 1, 40 ஆகிய இரு சேனல்களிலும் பாருங்கள். 1-ல் அதிகம் காட்டினால் ஆன்டெனா குட்டை, கொஞ்சம் நீட்டுங்கள். 40-ல் அதிகமென்றால் குறையுங்கள். 1.5-க்குள் வந்துவிட்டால் போதும், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம். 3-ஐத் தாண்டினால் மைக் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள்; செட் புகைந்துவிடலாம்.