ஆயத்த வீட்டை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2016ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வன்னியில் ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து என்னிடம் கேட்டார்: "பாதர், இரும்பு வீடு தரப்போகினமாம். எடுக்கலாமோ, விடலாமோ?"

வடக்கு, கிழக்கில் போரினால் வீடிழந்தோருக்கு 65,000 ஆயத்த இரும்பு வீடுகளை அமைக்கும் அரசாங்கத் திட்டம் பற்றி அக்காலத்தில் எங்கும் பேச்சாக இருந்தது. ஒரு வீட்டின் செலவு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா என்று சொல்லப்பட்டது. ஆதரித்தோரும் இருந்தனர், எதிர்த்தோரும் இருந்தனர். "பொறுத்திருந்து பார்ப்போம் அம்மா" என்று நான் பதில் சொன்னேன். அத்திட்டம் முன்வைக்கப்பட்டவாறு நிறைவேறவில்லை. பொறுத்திருக்கச் சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. தகரக் கொட்டிலில் மேலும் இரண்டு மாரியைக் கழித்தவர் அந்தத் தாய்.

ஒரு வீடு நல்லதா, கெட்டதா என்று அவர் தாமே பார்த்துத் தீர்மானிப்பதற்கு வேண்டிய அறிவை நான் அன்று கொடுத்திருக்க வேண்டும். அக்குறையை ஓரளவு தீர்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆயத்த வீடு என்பது என்ன?

தொழிற்சாலையில் முழுமையாகவோ பகுதிகளாகவோ செய்து, காணிக்குக் கொண்டுவந்து பொருத்தும் வீட்டையே ஆயத்த வீடு என்கிறோம். கூரையின் கீழ் வேலை நடப்பதால் மரமும் பலகையும் மழையில் நனைவதில்லை. அளவுகள் பிசகுவது குறைவு. வேலை விரைவாக முடியும், பொருளும் வீணாவதில்லை. ஆகவே தொழிற்சாலையில் செய்த வீடு என்பதற்காகவே அதை ஒதுக்குவது சரியன்று. ஆனால் வீட்டின் வேலை தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. அது நிலத்தோடு எப்படிப் பொருந்துகிறது, பழுதானால் அதை யார் திருத்துவது என்ற இரண்டையும் அறியாமல் எந்த ஆயத்த வீட்டையும் மதிப்பிட முடியாது.

இவ்வகை வீடுகளில் நீண்டகால அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே வருமானம் குறைந்த இலட்சக்கணக்கான குடும்பங்கள் இரும்புச் சட்டத்தின் மேல் செய்து, வீதி வழியே இழுத்துவரப்படும் வீடுகளில் வாழ்கின்றன. அவர்கள் பட்டறிந்தவை எமக்கும் பயன்படும்.

1. பொறுப்பு யாருடையது?

ஆரம்பத்தில் அங்கே இவ்வீடுகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இருக்கவில்லை. 1974இல் சட்டம் இயற்றப்பட்டு, 1976 ஜூன் 15 முதல் பொதுவான கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் வீட்டின் ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் ஒரு சிவப்பு உலோகத் தகடு பொருத்தப்பட வேண்டும். வீட்டினுள்ளே, சமையலறை அலுமாரி போன்ற ஓரிடத்தில், செய்த நிறுவனம், செய்த திகதி, தொடரிலக்கம், எந்தக் காற்றுக்கும் எந்தக் குளிருக்கும் ஏற்றது ஆகிய விபரங்கள் அடங்கிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். வீடு வாங்குபவர் முதலில் தேடுவது இவ்விரண்டையுமே. 1976க்கு முற்பட்ட வீடுகளுக்கு இத்தகடு இல்லை; அவற்றுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் முன்வருவதில்லை.

தகட்டின் பின்னால் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. சுவரை மூடியபின் உள்ளே உள்ள மின்கம்பியையும் நீர்க்குழாயையும் எவரும் பார்க்க முடியாது. ஆகவே மூடுவதற்கு முன்னரே, தொழிற்சாலையில் வைத்தே, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர்கள் பார்க்கிறார்கள்.

அத்தகைய தகடு இல்லாத இடத்தில் நாம் எழுத்தில் கேட்க வேண்டும். இரும்பின் தடிப்பு எவ்வளவு? என்ன பூச்சு? எத்தனை வருட உத்தரவாதம்? உத்தரவாதம் கொடுப்பவரின் முகவரி இந்நாட்டில் எங்கே? பத்திரம் எமக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு மழை வந்தவுடன் கரைந்துவிடும்.

2. எந்தக் காற்றுக்குச் செய்தது?

1992 ஓகஸ்ட் 24 அன்று அன்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கியபோது, அதன் பாதையில் இருந்த இவ்வகை வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. அந்த அழிவின் பின்னர் 1994இல் விதிகள் இறுக்கப்பட்டு, நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. மூன்றாம் வலயமே மிகக் கடுமையானது. முதலாம் வலயத்துக்குச் செய்த வீட்டை மூன்றாம் வலயத்தில் வைக்க முடியாது. 2004இல் சார்லி சூறாவளி புளோரிடாவுக்கு வந்தபோது, 1994க்குப் பின் செய்த வீடுகள் பழையவற்றை விட மிக நன்றாகத் தாங்கின. ஆனால் வீட்டோடு பின்னர் ஒட்டிக் கட்டிய கார்க் கொட்டில்களும் விறாந்தைகளும் பிய்ந்து, நல்ல வீடுகளையும் சேதமாக்கின.

இதில் எமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் இலங்கையும் மூன்று காற்று வலயங்களாக வகுக்கப்பட்டது. ஆனால் இங்கே இலக்கம் தலைகீழ்: முதலாம் வலயமே கடுமையானது, அதில் கிழக்குக் கரையோரம் அடங்கும். ஆகவே வெளிநாட்டு வீட்டின் பத்திரத்தில் "முதலாம் வலயம்" என்று கண்டு ஏமாறக் கூடாது. காற்றின் வேகத்தை எண்ணிலேயே கேளுங்கள். இரண்டாவது, பத்தி இறக்குவதானால் அதைத் தனித் தூண்களில் நிறுத்துங்கள். வீட்டுச் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள்.

3. சுவர், தரை, கூரை

நல்ல வீட்டின் சுவருக்குள் மரச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். இடைவெளி கூடினால் சுவர் வளையும். கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். தரையில் நடந்து பாருங்கள். குளியலறை, குழாயடி, கதவடி ஆகிய இடங்களில் கால் பதிந்தால் பலகை ஊறியிருக்கிறது என்று பொருள். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை நீர் பட்டால் ஊதி உதிரும். அடுக்கு ஒட்டுப்பலகை அதனிலும் நன்று.

அந்தப் பசையிலும் கவனம் தேவை. 2005இல் கத்ரீனா சூறாவளியின் பின் அமெரிக்காவில் வீடிழந்தோருக்குக் கொடுத்த தற்காலிக இழுவை வீடுகளில், பலகைப் பசையிலிருந்து வெளிவரும் போமல்டிகைட் என்னும் நச்சுவாயு கூடுதலாக இருந்தது பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. மூடிய வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண் எரிந்தால், மூக்கு அரித்தால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கூரை சரிவாக இருக்க வேண்டும். தாழ்வாரம் சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். தாழ்வாரம் இல்லாத வீட்டில் மழைநீர் சுவர் வழியே இறங்கி, யன்னல் இடுக்குகளால் உட்புகும்.

4. நிலத்தோடு பிடிப்பு

நல்ல வீடும் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்க வீடு பொதுவாகக் கொங்கிறீற் கல் தூண்களின் மேல் இருக்கிறது. அதை நிலத்தில் முறுக்கி இறக்கிய இரும்பு நங்கூரங்களோடு பட்டிகளால் கட்டுகிறார்கள். தூண் பாரத்தைத் தாங்கும். பட்டியே காற்றுக்குப் பிடித்து வைக்கும். இரு பாதிகளாக வரும் வீட்டில் அவை சேரும் கோட்டின் கீழும் தூண்கள் வேண்டும். வீட்டின் அடியில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு விரித்து நிலத்து ஈரத்தைத் தடுக்கிறார்கள். தூண் சற்று இறங்கினால் முதலில் கதவு இறுகும். பின்னர் யன்னல் மூலையில் வெடிப்புக் காணும். அப்போதே மட்டம் பார்த்துத் திருத்த வேண்டும்.

எமது காணிகளிலும் இதே விதிதான். மாரியில் வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறும் என்பதை ஊரில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் அத்திவாரத்தை உயர்த்துங்கள். களிமண் காணியும் மணல் காணியும் ஒன்றல்ல. "எல்லாக் காணிக்கும் ஒரே அத்திவாரம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

5. துரு, வெப்பம், அடுப்பு

இரும்பு வீட்டில் துரு தொடங்குவது பெரும்பாலும் துளையிட்ட இடத்திலும் வெட்டிய முனையிலுமே. அங்கே நாகப் பூச்சு அறுந்திருக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று அதை விரைவாக அரிக்கும். ஆணிகளையும் புரிகளையும் தனித்தனியே பாருங்கள்.

மெல்லிய தகடு வெயிலை உடனே உள்ளே விடும். மாதிரி வீட்டைக் காலையில் காட்டுவார்கள். நீங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய், கதவைச் சாத்தி, கால்மணி நேரம் உள்ளே இருந்து பாருங்கள். எதிரெதிராக யன்னல் உண்டா, கூரையருகில் காற்று வெளியேற வழி உண்டா என்றும் கவனியுங்கள்.

சுவருக்குள் ரெஜிபோம் வைத்த வீடுகளும் உண்டு. அது வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் தீப்பிடித்தால் நச்சுப் புகை எழும். விறகடுப்பில் சமைக்கும் குடும்பத்துக்கு அடுப்படி வீட்டுக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். வீட்டு வரைபடத்தில் அடுப்படி எங்கே என்று பெண்களே கேட்க வேண்டும். ஆண்கள் இதைக் கேட்பதை நான் கண்டது அரிது.

6. விலையும் காணியும்

வீட்டின் விலை வேறு. அதில் குடியேறும் விலை வேறு. அத்திவாரம், ஏற்றிவரும் கூலி, மின்சாரம், மலசலகூடம், கிணறு ஆகிய எல்லாவற்றையும் கூட்டிய பின்னரே ஒப்பிடுங்கள். 2012இல் வடக்கில் வீட்டுரிமையாளரே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அப்பணம் போதாமல் பலர் கடன்பட்டதும் உண்மை. ஆனாலும் ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்தது; கட்டிய வீட்டைத் திருத்தவும் பின்னர் ஓர் அறை கூட்டவும் ஊரிலேயே ஆள் இருந்தது. 21 இலட்சத்தை எதிர்த்தவர்களின் வாதத்தில் இதுவே வலுவானது என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் வீடு சொந்தம், காணி வாடகை என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். காணியோடு சேராத வீட்டை அசையும் பொருளாகக் கணித்தே கடன் கொடுப்பதால் வட்டி கூடுகிறது. காணிக்காரர் வாடகையை உயர்த்தினால், வீட்டை இழுத்துச் செல்லும் செலவைத் தாங்க முடியாமல் அதற்கும் இணங்குகிறார்கள். வீடு கிடைப்பதால் காணி உரிமை கிடைத்துவிடாது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லாதவர், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் பிரதேச செயலகப் படியேற வேண்டும்.

முடிவாக

அந்தத் தாய் பின்னர் ஒரு கல்வீட்டைக் கட்டி முடித்தார். அதற்காகப் பட்ட கடனை நெடுங்காலம் கட்டினார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் எடு எண்டோ விடு எண்டோ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன் பாதர். ஆனா பார்க்கிறது எப்பிடி எண்டு ஆரும் சொல்லித் தரேல்லை."

ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் விரைவாகத் தரும் வீடுகளைப் பற்றிய பேச்சு எழுகிறது. அவற்றில் நல்லவையும் இருக்கலாம். மட்டப்பலகையையும் ஊர் மேசனையும் இப்பாடத்தையும் கொண்டு போய்ப் பாருங்கள். தீர்மானம் உங்களுடையது.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கடைசியாக வந்த பெருவெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது? அதைக் குறித்து வைத்திருக்கிறோமா?

2. ஓர் ஆயத்த வீடு பழுதானால், திருத்தக்கூடியவர்கள் எமது ஊரில் யார்? வேண்டிய பொருள் எங்கே கிடைக்கும்?

3. எமது சங்க அங்கத்தவர்களில் காணிப் பத்திரம் இல்லாதோர் எத்தனை குடும்பம்? அவர்களுக்காக அடுத்த மாதத்துக்குள் நாம் எடுக்கக்கூடிய ஒரு நடவடிக்கை என்ன?