பரண்மேல் இருக்கும் பேஸ்ட்டை முதலில் இறக்கு

"கறிவேப்பிலைல மருந்து அடிக்கிறாங்களாமே அக்கா, கல்லீரல் போயிடுமாமே" என்று நேற்று போனில் கேட்டாய். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அண்ணனூர் வீட்டுக்குக் குடிபோன புதிதில், மழைக்கு எலி வருகிறதென்று ஒரு பேஸ்ட் வாங்கினாயே, அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறதா?

காய்கறிக்குப் பயப்படுகிறாய். நாலைந்து நாளில் கல்லீரலை முடிப்பது அந்த டியூப்தான். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ், 3 சதவீதம். முறிமருந்து கிடையாது. தமிழக அரசு அதற்குத் தடையே போட்டிருக்கிறது. குழந்தை விரலில் தொட்டு நக்கிவிட்டால் முதலில் வாந்தி வரும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் நன்றாக விளையாடும். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதே, மஞ்சள் காமாலை அதற்குப் பிறகுதான் தெரியும். பால், நெய் என்று எதையும் புகட்டாமல், வாந்தி எடுக்க வைக்காமல், டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ல் ஓடு. எய்ம்ஸ் விஷ உதவி எண் 1800 116 117, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவை.

டியூபை அடுப்பில் போடாதே, பற்றிக்கொள்ளும். கையுறை போட்டு, மூடியை இறுக்கி, கவரில் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் விஷம் என்று சொல்லித் தனியாகக் கொடு. எலிக்குக் கூண்டும் ஒரு மசால் வடையும் போதும். சிங்க் ஓட்டைக்கு இரும்பு ஜாலி போடு.

சரி, கறிவேப்பிலை. 2015-ல் கேரளம் நம்மூர்க் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று குறை சொன்னது உண்மைதான். கறிவேப்பிலையைப் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு அலசு. மற்ற காய்க்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு. கோஸில் மேல் இலைகளை உரித்துவிடு. சோப்பு வேண்டவே வேண்டாம். செடிக்குள் ஏறிய மருந்து எந்தத் தண்ணீருக்கும் போகாது, மேலே ஒட்டியது பெரும்பாலும் போகும்.

பூச்சிமருந்து தாய்ப்பாலில் கலக்குமா என்றும் கேட்டாய். கலக்கும். டிடிடி, எச்சிஎச் என்ற பூச்சிமருந்துகள் இரண்டும் உடம்புக் கொழுப்பில் தங்கும். சென்னை, சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பெண்களின் பாலில் அவை இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பான் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் பார்த்திருக்கிறார்கள். விவசாயத்தில் டிடிடிக்கு 1989-லும், எச்சிஎச்சுக்கு 1997-லும் தடை வந்தது. இதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் சொல்வதில்லை. நீயும் நிறுத்தாதே.

பரணில் மாப்பிள்ளை ஏறட்டும். நீ பிள்ளையை வைத்துக்கொண்டு ஏறாதே.